பின்படுக்கைத் தூக்கம்

மறுபடியும் லாரி ஓட்டப் போகிறேன் என்று அத்தை சொன்னபோது மாமா முட்டை உரித்துக்கொண்டிருந்தார். உரித்த முட்டையை உப்பில் ஒரு புரட்டு புரட்டி, வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "எந்த லாரி?" என்று கேட்டார்.

"ஓடுற லாரிதான்."

"அது தெரியுது. தூரமா, பக்கமா?"

"தூரம்."

மாமா முட்டையை வாயில் போட்டு மென்றார். விடுப்பில் வந்து அந்தச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நான், மழை, பனிமூட்டம், பிரேக் பிடிக்காத இறக்கம், நடுவழியில் நெஞ்சுவலி என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வெளிநாட்டில் போய் உட்கார்ந்துகொண்டவர்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் தானாக வந்துவிடுகிறது. வீட்டுக்கு போன் செய்து எடுக்காவிட்டால் ஆஸ்பத்திரிதான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டால் அதைவிடப் பயம், ஏன் போனைக் கையிலேயே வைத்திருந்தார்கள் என்று.

மாமா கடைசியில் கேட்டது நான் பயந்த எதையும் பற்றியல்ல.

"கூட யாரு?"

"அது அவங்கதான் சொல்லணும்" என்றார் அத்தை. சொல்லிவிட்டு மாமாவின் தட்டிலிருந்த இன்னொரு முட்டையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். அவருக்குப் பிடிக்காத கேள்வி வந்தால் கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

அத்தை என் அப்பாவின் தங்கை. அவரும் மாமாவும் ஒரே லாரியில் வேலை பார்த்தவர்கள். சில சரக்குகளை வழியில் நிறுத்தி வைக்க முடியாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வண்டிகளில் இரண்டு டிரைவர்கள். ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில், திரையை இழுத்துவிட்டுத் தூங்க வேண்டும். பிறகு மாற்றிக்கொள்வார்கள். இவர்களுக்குக் கல்யாணம் ஆன வருடமே கம்பெனி இருவரையும் ஒரே வண்டியில் போட்டது. "எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்ல" என்று அத்தை பெருமையாகச் சொல்வார். "ஒருத்தர் முழிச்சிருக்கும்போது இன்னொருத்தர் தூங்கிக்கிட்டு இருப்போம். எங்கேர்ந்து சண்டை வரும்?"

அவர்கள் சாலையில் இருந்த நாட்களில் அவர்களுடைய மகள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். லாரி திரும்பி வரும் நாளில் அவளும் நானும் ஜன்னலில் ஏறி நின்றுகொள்வோம். மாமா இறங்கி வரும்போதே பாடிக்கொண்டு வருவார். இஞ்சினை நிறுத்திவிட்டாலும் பாட்டை நிறுத்த அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாமா ஸ்டீயரிங்கைத் தொட்டால் வாய் திறந்துவிடும். கிளம்பும் இடத்தில் ஆரம்பித்தால் போய்ச் சேரும் இடம் வரைக்கும் பாட்டுதான். கம்பெனியின் லாரிகள் நிற்கிற யார்டில் அவருக்கு 'வித்வான்' என்று பெயர். மரியாதைக்கு வைத்த பெயர் இல்லை அது. "அவருக்கு ஒரே ஒரு பாட்டுத்தான் தெரியும், அதுவும் நடுவிலேர்ந்துதான் தெரியும்" என்று அத்தை சொல்வார். பின்படுக்கையில் தலையணைக்கு மேல் தலையை வைப்பதா, தலைக்கு மேல் தலையணையை வைப்பதா என்று கல்யாணமான முதல் மாதத்திலேயே முடிவு செய்துவிட்டதாகவும் சொல்வார்.

பிறகு ஒரு வருடம் மாமா கண் பரிசோதனையில் தேறவில்லை. சாலைப் பலகைகள் எல்லாம் பக்கத்தில் வந்த பிறகுதான் எழுத்தாகின்றன என்று அவர் டாக்டரிடம் சாதாரணமாகச் சொல்ல, டாக்டர் அவரைவிடச் சாதாரணமாக லைசென்ஸை முடித்துவைத்தார். அத்தைக்கு வேறொரு ஜோடி தருகிறோம் என்று கம்பெனியில் சொன்னார்கள். "யாரோ ஓட்ட, நான் பின்னால படுத்துக்கிட்டுப் போறதா? ஆளை விடுங்க" என்று அத்தையும் இறங்கிவிட்டார்.

அதற்கப்புறம் எட்டு வருடம் ஒரு டைல்ஸ் கடையில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து குளியலறை டைல்ஸ் விற்றார். சாம்பல் நிறத்தில் இத்தனை சாம்பல் உண்டா என்று முதல் வருடம் ஆச்சரியப்பட்டார். மற்ற வருடங்களில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. வீட்டில் தூக்கம்தான் சரியில்லை. கட்டில், மெத்தை, ஜன்னல் பக்கம், சுவர்ப் பக்கம் எல்லாம் மாற்றிப் பார்த்தார்கள். "வீடு நகரமாட்டேங்குது, அதான்" என்பார் அத்தை. மாமா வீட்டில் பாடுவதும் இல்லை. கையில் ஸ்டீயரிங் இல்லாமல் அவருக்கு வராதாம். பேப்பரை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார். வீடு அவ்வளவு அமைதி. லைசென்ஸை மட்டும் அத்தை ஒரு தடவைகூடக் காலாவதியாக விடவில்லை. எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டுமே, சோறா கேக்குது?" என்பார்.

ஒரு நாள் கடைக்குச் சரக்கு கொண்டுவந்த லாரி பின்சந்துக்குள் நுழைய முடியாமல் முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் வெளியே நின்று கையை ஆட்டி ஆட்டி இன்னும் குழப்பினார். அத்தை ஸ்டூலில் இருந்தபடியே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இறங்கிப் போய், "தம்பி, ஒரு நிமிஷம் இறங்கிக்கோ" என்றார். அந்த டிரைவர் ஏன் இறங்கினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அத்தையின் குரலில் அப்படி ஒன்று உண்டு. ஒரே இழுப்பில் வண்டி உள்ளே போய்விட்டது. அதன் பிறகு உள்ளே வந்து ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தால் ஸ்டூல் குத்தியதாம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான், மாமா முட்டை உரித்துக்கொண்டிருக்கும்போது, அத்தை விஷயத்தைச் சொன்னார்.

அந்த வார முடிவில் நானும் அவருடன் யார்டுக்குப் போனேன். வண்டிகளை அனுப்பி வைக்கிற பொறுப்பில் அப்போது இருந்த அதே அம்மாள்தான் இப்போதும். எல்லோருக்கும் அவர் டிஸ்பாட்ச் மேடம். கண்ணாடி அறைக்குள், இரண்டு காதிலும் இரண்டு போனுடன், மூன்றாவதாக எங்களிடம் பேசினார்.

"வித்வான் எப்படி இருக்கார்?"

"பேப்பர் படிக்கிறார்."

"பாவம்" என்றார் மேடம். மாமாவைச் சொன்னாரா பேப்பரைச் சொன்னாரா தெரியவில்லை.

புது வண்டிகளில் கிளட்ச் இல்லை. அத்தையை ஏற்றி யார்டைச் சுற்றி ஓட்டச் சொன்னார்கள். அவருடைய இடது கால் பழைய ஞாபகத்தில் கிளட்சைத் தேடிப் போய், அகலமான பிரேக்கை முழு வேகத்தில் மிதித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரிசோதகர் கண்ணாடிக்கு முத்தம் கொடுக்கப் போய்த் திரும்பினார். அத்தை இடது செருப்பைக் கழற்றினார். அந்தக் காலை மடித்து சீட்டுக்கு அடியில் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு, "இனி இதுக்கு ஓய்வூதியம்தான். போலாமா?" என்றார். மீதிச் சுற்று முழுக்க ஒரு குறையும் இல்லை. பின்பக்கமாகக் கொண்டுபோய்ச் சரக்கு மேடையோடு வண்டியை ஒட்டி நிறுத்தும்போது மேடம் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து நின்று பார்த்தார். ஒரு போனைக் காதிலிருந்து எடுத்தும் விட்டார்.

"ஓட்டுறதைப் பத்தி எனக்குச் சந்தேகமே இல்ல" என்று பிறகு அத்தையிடம் சொன்னார். "தூர வண்டியில ஒரே ஒரு இடம்தான் காலியா இருக்கு. ஐஸ்கிரீம் லோடு. இருவர் வண்டி, நிக்கக் கூடாது. இப்ப இருக்கிற பொண்ணோட நீங்க ஒரு தடவை போய்த் திரும்பி வாங்க. ஜோடி ஒத்துப்போனா உங்களுக்குத்தான். ஒத்துப்போகலேன்னா ஊருக்குள்ள கடை கடையா போடுற சின்ன வண்டி இருக்கு, அதைத் தரேன்."

"சின்ன வண்டிக்கு நான் டைல்ஸே வித்துக்கலாம்" என்றார் அத்தை.

"அப்ப ஒத்துப்போங்க" என்று மேடம் மறுபடி இரண்டு போனுக்கும் திரும்பிவிட்டார்.

ஜோடியாகப் போகிற பெண் வாசலிலேயே காத்திருந்தாள். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். அத்தையைப் பார்த்ததும் பையை வாங்கிக்கொண்டு, மூச்சு விடாமல் ஆரம்பித்தாள். "வாங்கக்கா, என்னை எல்லாரும் தகரம்னு கூப்பிடுவாங்க, தகரக் கூரையில மழை பெய்யற மாதிரி பேசறேனாம், நீங்களும் அப்படியே கூப்பிடுங்க, கோபமெல்லாம் கிடையாது, கூப்பிட்டா நானே திரும்பிப் பாத்துடறேன், அப்புறம் என்ன கோபம், இது உங்க மருமகப் பிள்ளையா, அண்ணன் பிள்ளையா, முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கு, சாப்பிடலையா?"

அண்ணன் பிள்ளை, முகமே அப்படித்தான் என்று அத்தை பதில் சொல்வதற்குள் அவள் ஐஸ்கிரீமுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து குளிர்ப் பெட்டிக்கு, அங்கிருந்து அவளுடைய மாமியாருக்கு. "கொஞ்சம் அதிகமாப் பேசற பொண்ணு" என்று வீட்டுக்கு வரும் வழியில் அத்தை சொன்னார். "ஆனா கையைப் பாத்தேன். நல்ல டிரைவர் கை."

அவர்கள் கிளம்பும் முன்பே என் விடுப்பு முடிந்துவிட்டது. விமான நிலையத்துக்கு நான் புறப்படும்போது மாமா வாசலில் அத்தைக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார். "தூங்கினியான்னு கேப்பா. பொய் மட்டும் சொல்லாதே."

இருவர் வண்டியில் கைமாறும்போது கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். சாலை எப்படி, டீசல் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். முதலில், "தூங்கினியா?" தூங்கினேன் என்றால் சீட் கைமாறும். இல்லை என்றால் மாறாது. தூங்காதவர் கையில் வண்டியைக் கொடுக்க மாட்டார்கள், தூங்காதவரும் வாங்க மாட்டார். இதில் பொய் சொல்கிறவர்களோடு யாரும் இரண்டாவது தடவை போவதில்லை. போக உயிரோடு இருக்க வேண்டும் இல்லையா.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அத்தையும் தகரமும் எனக்கு அனுப்பிய குரல் செய்திகளிலிருந்து தெரிந்துகொண்டவை. தகரத்தின் செய்திகளை நான் தவணை முறையில்தான் கேட்டு முடித்தேன்.

முதல் முறை அத்தை ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார். தகரம் பின்னால் போய், திரையை இழுப்பதற்குள் தூங்கிவிட்டாளாம். எழுந்து வந்தாள், முகம் கழுவினாள், "தூங்கினேன்க்கா, செத்த பொணம் மாதிரி" என்றாள், ஸ்டீயரிங்கை வாங்கினாள். அத்தை பின்படுக்கைக்குப் போனார். மெத்தை புதிது, தலையணை வீட்டிலிருந்து கொண்டுவந்தது, வெயிலை மறைக்கத் தடித்த திரை. உடம்பு களைத்துத்தான் இருந்தது. கண்ணை மூடினார்.

தகரம் நல்ல பெண். மூத்தவர் தூங்க வேண்டும் என்று ஒரு விரதமே எடுத்துக்கொண்டாள். ரேடியோவை அணைத்தாள். போனை மௌனமாக்கினாள். கை அசைந்தால் சத்தம் வருகிறது என்று வளையலைக் கழற்றிப் பையில் போட்டாள். வாயில் போட்ட மிட்டாயைக் கடிக்காமல் கரையவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறந்ததிலிருந்து அவள் இவ்வளவு நேரம் வாய் மூடி இருந்ததில்லை என்று அவளே சத்தியம் செய்கிறாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரை விலகியது. அத்தையின் தலை வந்தது.

"என்னம்மா, எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருக்குக்கா, தூங்குங்க" என்று தகரம் ரகசியக் குரலில் சொன்னாள்.

தலை உள்ளே போனது. மறுபடி வந்தது.

"முன்னாடி போறவன் இண்டிகேட்டர் போட்டிருக்கான் பாரு."

"அது அவன் வண்டியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்க்கா."

உள்ளே போனது. வந்தது.

"வண்டி ஒரு பக்கமா அசைஞ்சுதே?"

"தும்மினேன்க்கா."

"தும்மினா சத்தம் வரலையே?"

"அடக்கிக்கிட்டேன், நீங்க தூங்கணும்னு."

இப்படியே அவளுடைய முறை முடிந்தது. வண்டியை ஓய்விடத்தில் நிறுத்திவிட்டு, தகரம் திரும்பிப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். அத்தைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் போதும், இடம் கிடைத்துவிடும். வாய் வரைக்கும் வந்ததாம்.

"இல்ல" என்றார்.

"கொஞ்சம்கூடவா?"

"கண்ணை மூடினேன். தூங்கல."

அப்புறம் என்ன, நிற்கக் கூடாத வண்டி நின்றது. ஓய்விடத்திலேயே இருவரும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து, அத்தை அங்கே ஒரு குட்டித் தூக்கம் போட்ட பிறகுதான் கிளம்பினார்கள். குளிர்ப் பெட்டி ஓடிக்கொண்டிருந்ததால் ஐஸ்கிரீமுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சரக்கு இறக்குகிறவர்கள் காத்திருந்து காத்திருந்து வீட்டுக்குப் போய்விட்டு, திரும்ப வந்தார்கள். வரும்போது அவர்கள் முகம் ஐஸ்கிரீமைவிட உறைந்து போயிருந்தது.

டிஸ்பாட்ச் மேடம் போனில் கூப்பிட்டார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்று அத்தை சொன்னார். "முதல் தடவை, பழக்கம் விட்டுப் போயிருக்கும். திரும்பி வர லோடு இருக்கு, அதை நேரத்துக்குக் கொண்டுவந்துடுங்க. இல்லேன்னா சின்ன வண்டியைப் பத்திப் பேசுவோம்."

அன்று சாயங்காலம் அத்தை மாமாவைக் கூப்பிட்டார்.

"ஏன் தூக்கம் வரல?" என்றார் மாமா.

"தெரியலையே. அவ நல்லாத்தான் ஓட்டறா. உங்களவிட நல்லா ஓட்டறா."

"சரி, சரி."

"சத்தமே இல்ல. எண்ணெய் மேல போற மாதிரி போகுது வண்டி. படுத்தா நெஞ்சு அடிச்சுக்குது."

"வயசாகுது உனக்கு."

"உங்களுக்கு மட்டும் திரும்பியா போகுது?"

இரண்டு பேருமாகச் சேர்ந்து விஷயத்தின் மூக்குக்கு நேராகப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள். எனக்கும் போன் வந்தது. நான் தூக்கமின்மைக்கு என்னென்ன காரணங்கள் என்று படித்துவிட்டு, தைராய்டு பார்க்கச் சொன்னேன். என்னால் முடிந்தது அதுதான்.

திரும்பி வரும் வழியில் முதலில் அத்தை ஓட்டினார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கைமாற்றிக்கொண்டார்கள். வெளியே நல்ல வெயில், நேரான சாலை, ஒரு பிரச்சினையும் இல்லை. அத்தை திரைக்குப் பின்னால் படுத்து, நேற்று நடந்ததை நினைக்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். முன்னால் தகரம் நேற்றைவிடக் கவனமாக இருந்தாள். இன்று மிட்டாய்கூட இல்லை.

திரை விலகியது.

"அந்த டேங்கர் பக்கத்துல ரொம்ப ஒட்டிப் போகாதே."

உள்ளே போனது. வந்தது.

"முழிச்சுத்தானே இருக்கே?"

அங்கேதான் தகரம் வெடித்தாள். இதை அவளே சொல்லிக் கேட்க வேண்டும். நான் முடிந்தவரை சொல்கிறேன்.

"முழிச்சுத்தான் இருக்கேன்க்கா, முழிச்சு இல்லாம பின்ன யாரு ஓட்டறா, ஐஸ்கிரீமா ஓட்டுது? நேத்துலேர்ந்து பாக்கறேன், உங்களுக்காக நான் தும்மல அடக்கறேன், இருமல அடக்கறேன், வாயில பூட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், என் புருஷன் இதைப் பாத்தா எனக்கு உடம்பு சரியில்லேன்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவான். நீங்க என்னடான்னா கடிகாரத்துக்குள்ள இருக்கிற பொம்மைக் குருவி மாதிரி தலையை நீட்டறீங்க, உள்ளே போறீங்க, நீட்டறீங்க. நான் ஓட்டறது பிடிக்கலேன்னா நேராச் சொல்லுங்க. எனக்கும் மானம் ரோஷம் இருக்கு. உங்களால எனக்கும் இந்த வண்டி போகும், அதை நினைச்சீங்களா? ஜோடி இல்லேன்னா என்னையும்தானே சின்ன வண்டிக்குப் போடுவாங்க? அந்தச் சின்ன வண்டியில கால் நீட்ட இடம் இருக்கா? என் காலைப் பாருங்க, இந்தக் காலை வச்சுக்கிட்டு..."

காலைப் பற்றி, முதுகைப் பற்றி, மூத்தவர்கள் இளையவர்களை நம்பாததைப் பற்றி என்று அது போய்க்கொண்டே இருந்தது. டேங்கர் பின்னால் போய்விட்டது. ஒரு பாலம் வந்து போனது. பேசிப் பேசி அவளுக்கே கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது.

"நான் இப்படிப் பேசினதுக்கு மன்னிச்சுக்கோங்கக்கா. ஆனா நியாயம்தானே? சொல்லுங்க."

பதில் இல்லை.

"கோபமா?"

அதற்கும் இல்லை. அழுகிறாரோ என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வயதில் மூத்தவர், புதிதாகத் திரும்பி வந்திருக்கிறார், இப்படிக் கொட்டிவிட்டோமே என்று காதைப் பின்பக்கம் வைத்துக் கேட்டாள்.

குறட்டை.

நாகரிகமான, சீரான, வேலையை முழு மனதோடு செய்கிற ஒரு குறட்டை. தகரம் சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டாள். மூடி, இரண்டு மைல்கல் தாண்டியிருக்காது, திரை படக்கென்று விலகியது.

"என்ன ஆச்சு?"

தகரத்துக்கு அந்த இடத்தில் மண்டையில் விளக்கு எரிந்ததாம்.

"ஒண்ணும் ஆகலக்கா" என்றாள். "திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க தூங்குங்க."

"சரி" என்று தலை உள்ளே போனது.

ஆனால் திட்டுவதற்கு அத்தையிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. ஒரே நாள் பழக்கத்தில் எவ்வளவுதான் குறை கண்டுபிடிக்க முடியும்? அத்தையை முடித்துவிட்டு அவள் தன் மாமியாரை எடுத்தாள். மாமியார் நல்ல நீளம், பல ஊர்களைத் தாண்டியது. பிறகு நாத்தனார். பிறகு வீட்டுக்காரர், தண்ணீர்க் குழாய் விஷயமாக. பிறகு ஒரு வாஷிங் மெஷினை நல்லது என்று சொல்லி விற்றவன். குறட்டை எங்கேயாவது தடுமாறினால் குரலைக் கொஞ்சம் ஏற்றுவாள், சரியாகிவிடும். பக்கத்தில் ஓடிய கார்க்காரர்கள், தனியாக உட்கார்ந்து கையை ஆட்டிப் பேசிக்கொண்டு லாரி ஓட்டும் பெண்ணைப் பார்த்து ஒதுங்கியே போனார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று.

வெயில் தாழ்ந்தபோது ஓய்விடத்தில் நிறுத்தினாள். திரையை அவளே விலக்கினாள்.

"தூங்கினீங்களா?" குரல் காற்றாக வந்தது.

அத்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கன்னத்தில் தலையணைத் தையல் பதிந்திருந்தது.

"தூங்கினேன்" என்றார். "உன் மாமியார் அந்தக் குக்கரைத் திருப்பிக் குடுத்தாங்களா இல்லையா? அதுக்குள்ள கண் அசந்துடுச்சு."

மீதி வழி அத்தை ஓட்டினார். சரக்கு மேடையோடு வண்டியை ஒட்டி நிறுத்தியபோது இறக்குகிறவர்கள் அப்போதுதான் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

டிஸ்பாட்ச் மேடம் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தார். தகரத்தைப் பார்த்து, "எப்படிப் போச்சு?" என்றார். தகரம் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். மேடம் அவளை அந்த நிலையில் ஒருபோதும் பார்த்ததில்லை. அத்தையிடம் திரும்பினார்.

"என்ன பண்ணீங்க இவளை? சண்டையா?"

"ஆமா" என்றார் அத்தை. "வழி முழுக்கத் திட்டினா."

மேடம் முகம் தொங்கிவிட்டது. "அப்ப ஒத்துப்போகலையா?"

"அடுத்த லோடுக்கும் இவளையே போடுங்க" என்றார் அத்தை. "ஆனா தொண்டைக்கு ஒரு நாள் லீவு குடுங்க."

ஏன், எப்படி என்று மேடம் கேட்டதற்கு, தூக்கத்தில் தனக்கே புரிந்த கணக்கை அத்தை சொன்னாராம்: "ஓட்டறவங்க வாய் திறந்திருந்தா கண்ணும் திறந்திருக்குன்னு அர்த்தம். சத்தம் நின்னா எனக்கு வண்டி நின்னுபோன மாதிரி இல்ல, டிரைவர் நின்னுபோன மாதிரி."

வீட்டுக்கு வந்து மாமாவிடம் இதைச் சொன்னபோது நான் போனில் இருந்தேன். பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப இத்தனை வருஷம்" என்றார் மாமா மெதுவாக, "நீ தூங்கினது என் பாட்டுக்கு."

"பாட்டுன்னு யாரு சொன்னா? சத்தத்துக்கு."

"என் சத்தத்துக்கு."

"ஆமா, உங்க சத்தத்துக்குத்தான். போதுமா?"

போதும் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் சமையலறைப் பக்கம் இருந்து, நடுவிலிருந்து ஆரம்பித்து, அந்த ஒரே பாட்டு வந்தது. கையில் என்ன வைத்திருந்தாரோ, தோசைக்கல்லா தட்டா, ஏதோ வட்டமாக ஒன்று இருந்திருக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு பயணமும் அப்படித்தான். தகரம் ஓட்டும்போது பேசுகிறாள், அத்தை தூங்குகிறார். அத்தை ஓட்டும்போது தகரம் தூங்குகிறாள், அவளுக்கு எந்தச் சத்தமும் வேண்டாம். போன மாதம் மட்டும் ஒரு சிக்கல். ஜலதோஷத்தில் தகரத்தின் குரல் முழுக்கப் போய்விட்டது. ஓட்டலாம், பேச முடியாது. அத்தை யோசித்து, வீட்டுக்கு போன் போட்டு, அதைப் பின்படுக்கைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். எதற்கு என்றுகூடக் கேட்காமல், மாமா வீட்டில் உட்கார்ந்தபடியே, சொன்ன நிமிஷத்தில் பாட்டைத் தொடங்கினார். நிறுத்தவே இல்லை. அத்தை அந்தக் காலத்துத் தூக்கம் தூங்கினார். தலையணை தலைக்கு மேலேதான் இருந்ததாம்.

எனக்கு என்ன கவலை என்றால், ஓட்டுகிறவள் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு கண் அசந்துவிட்டால் என்ன ஆவது? கேட்டேவிட்டேன். அத்தை சிரித்து, போனைத் தகரத்திடம் கொடுத்தார்.

"நானா, அசரறதா?" என்று கீச்சென்ற ஒரு குரல் வந்தது. "அவர் நாலாவது தடவை அந்தப் பாட்டை ஆரம்பிச்சப்பவே, இதைக் கேக்கறதுக்கு நானே பேசிடலாம்னு என் தொண்டை சரியாயிடுச்சு."